அறையா, திறந்த கூடமா, நடுவழியா? டர்பனில் ஓர் அட்டர்னி அலுவலகம் அமைக்கும்போது

டர்பனில் ஒரு சிறிய அட்டர்னி அலுவலகத்தில் நான் மேலாளர். மூன்று அட்டர்னிகள், பயிற்சியில் இருக்கும் இரண்டு கேண்டிடேட் அட்டர்னிகள், வரவேற்பில் ஒருவர், டைப்பிங்கும் ஃபைலும் பார்க்கிற மூன்று பேர், கணக்குக்கு ஒருவர், அப்புறம் நான். மொத்தம் பதினொரு பேர். நகர நடுவில் இருந்த பழைய கட்டடத்தின் குத்தகை முடிந்ததும் உம்லாங்கா ரிட்ஜ் பக்கம் 220 சதுர மீட்டர் இடம் எடுத்தோம். சாவி கைக்கு வந்தபோது அது வெறும் தளம்தான். கீழே கான்கிரீட், மேலே ஏசி குழாய்கள், ஒரு பக்கம் முழுக்க ஜன்னல். அதை எப்படி அலுவலகமாக்குவது என்று நான்கு மாதம் பேசினோம். வடிவமைப்பாளர் மூன்று வரைபடம் கொடுத்தார். அந்த மூன்றையும் எப்படி எடை போட்டோம் என்று எழுதுகிறேன். இதே நிலையில் நிற்கிற வேறு சில தமிழ்க் குடும்பங்களின் அலுவலகங்களும் எனக்குத் தெரியும். அவர்களையும் நினைத்துத்தான் எழுதுகிறேன்.

ஊரில் இருந்து படிக்கிறவர்களுக்கு ஒரு விளக்கம். தென்னாப்பிரிக்காவில் வக்கீல் தொழில் இரண்டு கிளை. கட்சிக்காரரை நேரில் பார்த்து, வழக்கைக் கையில் எடுத்து, காகிதம் தயாரித்து, அவர் பணத்தைத் தன் பணத்தோடு கலக்காமல் டிரஸ்ட் கணக்கில் காப்பவர் அட்டர்னி. உயர் நீதிமன்றத்தில் பெரும்பாலும் எழுந்து நின்று வாதாடுபவர் அட்வகேட். அட்வகேட் தன் அறையில் தனியாக உட்கார்ந்து படித்தால் போதும். அட்டர்னி அலுவலகத்துக்கோ நாள் முழுக்க ஆள் வரும். வீடு விற்கிறவர், உயில் எழுதுகிறவர், கணவனைப் பிரிகிறவர், மகன் போலீஸில் மாட்டியதால் ஓடி வருகிறவர் என்று எல்லோரும் ஒரே வாசலில்தான் நுழைகிறார்கள்.

1894-இல் இதே டர்பனில் அப்படித்தான் ஒருவர் நுழைந்தார். பெயர் பாலசுந்தரம். ஒப்பந்தக் கூலியாக வந்த தமிழர். எஜமானன் அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் ரத்தம் வழிய, கிழிந்த சட்டையோடு, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு இளம் வக்கீல் காந்தியின் அலுவலகத்தில் வந்து நின்றார். அங்கே குமாஸ்தாவாக இருந்தவர் ஒரு தமிழர். பாலசுந்தரம் அழுதுகொண்டே சொன்னதை அவர்தான் காந்திக்கு எடுத்துச் சொன்னார். தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளச் சொல்லி, டாக்டரிடம் அனுப்பி, அப்புறம் மாஜிஸ்திரேட்டிடம் கூட்டிப்போய், கடைசியில் வேறொரு எஜமானனிடம் அவருடைய ஒப்பந்தத்தை மாற்ற காந்தி வழி செய்தார். செய்தி தோட்டம் தோட்டமாகப் பரவியது. வரைபடங்களை விரித்தபோதெல்லாம் எனக்கு இந்தக் காட்சிதான் நினைவில் நின்றது. இப்படி ஒருவர் நாளைக்கு எங்கள் கதவைத் திறந்தால் எங்கே உட்காருவார், யார் காதில் விழாமல் பேசுவார்?

ஆகவே அழகுக்கும் விலைக்கும் முன்னால் ஒலியை வைத்தேன். அதற்குச் சொந்த அனுபவமும் காரணம். முன்பு நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் புதுப்பிக்கிறோம் என்று நடுவில் ஒரு கண்ணாடி அறை கட்டினார்கள். பார்க்க மிக அழகு. அதற்கு நேர் வெளியே காத்திருப்போர் நாற்காலிகள். ஒருநாள், டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்த ஓர் ஆன்ட்டி உள்ளே உட்கார்ந்து மகளின் விவாகரத்து விஷயம் பேசினார். வெளியே உட்கார்ந்திருந்தவர் மாப்பிள்ளை வீட்டுக்கு உறவு. ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் அந்தப் பேச்சு ஆன்ட்டியிடமே திரும்பி வந்தது. அந்த ஆன்ட்டி மறுபடி எங்களிடம் வரவில்லை. போனில் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லம்மா" என்று சொல்லி வைத்துவிட்டார். ஊர் சிறியது. யாரும் யாருக்கோ சொந்தம்.

முதல் வரைபடம் எல்லோருக்கும் அறை. அட்டர்னிகளுக்கு 15 சதுர மீட்டர் வீதம் மூன்று, கேண்டிடேட்களுக்கு 9 வீதம் இரண்டு, ஒரு போர்டுரூம், ஃபைல் அறை, சமையலறை, வரவேற்பு. பழைய அலுவலகம் இப்படித்தான் இருந்தது என்பதால் மூத்த அட்டர்னிக்கு இதில்தான் மனம். அவர் சொன்ன காரணமும் நியாயமானது. ஒரு ஒப்பந்தத்தை முப்பது பக்கம் படிக்கும்போது யாராவது பின்னால் நடந்தால் அவருக்கு வரி தவறிவிடும். ஆனால் கூட்டிப் பார்த்ததில் நடைபாதைகளுக்கு மட்டும் ஏறக்குறைய 40 சதுர மீட்டர் போனது. யாரும் உட்காராத இடத்துக்கு மாதாமாதம் வாடகை. போதாததற்கு அட்டர்னி காலையில் நீதிமன்றத்தில் இருந்தால் அவர் அறை பூட்டியே கிடக்கும். அதே நேரத்தில் வந்த கட்சிக்காரரை உட்கார வைக்க இடம் இருக்காது. ஜன்னல் எல்லாம் அட்டர்னிகளின் அறைகளுக்குப் போய்விடும். டைப் செய்கிற பெண்கள் நாள் முழுக்கக் குழல்விளக்கின் கீழ். இது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. எட்டு மணி நேரம் அசையாமல் உட்காருபவர்கள் அவர்கள்தானே.

இன்னொரு குறையை எங்கள் கேண்டிடேட் அட்டர்னியே சொன்னார். மூடிய அறையில் உட்கார்ந்தால் மூத்தவர் எதிர்த்தரப்பு அட்டர்னியிடம் போனில் எப்படிப் பேசுகிறார், எங்கே விட்டுக்கொடுக்கிறார், எங்கே பிடித்து நிற்கிறார் என்பது காதில் விழாது. இந்தத் தொழிலைக் காதால்தான் பாதி கற்கிறோம் என்றார்.

இரண்டாவது வரைபடம் திறந்த கூடம். நீண்ட மேசைகள், தாழ்ந்த தடுப்புகள், ஓரத்தில் மூன்று கண்ணாடி அறைகள், தொங்கும் விளக்குகள், ஒரு காபி மூலை. உம்லாங்காவில் இப்போது பல அலுவலகங்களின் முகம் இதுதான். செலவும் இதில்தான் மிகக் குறைவு. பத்து சதுர மீட்டர் கூடுதலாகவே கையில் நின்றது. இளைய அட்டர்னிக்கு இதன் மேல் ஆசை. "உள்ளே வந்ததும் கட்சிக்காரருக்கு நம் மேல் நம்பிக்கை வரும் அக்கா" என்றார். அதையும் ஒதுக்கித் தள்ள முடியாது. வெளிச்சமான, சுத்தமான இடம் பயந்து வருகிறவர்களுக்கு ஆறுதல்தான்.

ஆனால் திறந்த கூடத்தில் ஆட்கள் கலந்து பேசுவார்கள் என்பதே அவ்வளவு உறுதி இல்லை. 2018-இல் வெளியான ஹார்வர்டு ஆய்வு ஒன்று, திறந்த அமைப்புக்கு மாறிய இரண்டு பெரிய நிறுவனங்களில் ஊழியர்களின் நேர்முகப் பேச்சு சுமார் 70 சதவீதம் குறைந்ததையும் மின்னஞ்சல் கூடியதையும் கண்டது. எல்லோரும் பார்க்கிறார்கள் என்றால் மனிதர் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உள்ளே சுருங்கிவிடுகிறார். அட்டர்னி அலுவலகத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஒரே கூடத்தில் ஒருவர் ஒரு கட்சிக்காரரின் கடன் விவரத்தைப் போனில் படிக்கிறார், அடுத்தவர் ஆன்லைன் கூட்டத்தில் மைக்கைத் திறந்து வைத்திருக்கிறார். 2020-க்குப் பிறகு ஆன்லைன் ஆலோசனை நிலைத்துவிட்டது. எனவே இது எப்போதோ நடப்பதல்ல, தினமும் நடப்பது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், நாங்கள் போப்பியா என்று சொல்வது, 2021 ஜூலை முதல் முழுதாக நடைமுறையில் இருக்கிறது. தகவலைக் காக்க நியாயமான ஏற்பாடுகள் செய்ய வேண்டும் என்கிறது. தவறினால் ஒரு கோடி ராண்டு வரை அபராதம் விதிக்க வழி இருக்கிறது. கணினிக்குப் பாஸ்வேர்டு போட்டுவிட்டு, வாயால் சொல்வதைத் திறந்த கூடத்தில் விட்டால் என்ன பயன்?

மூன்றாவது வரைபடம் நடுவழி. முதலில் பார்க்கையில் சமரசம் மாதிரித் தெரிந்தது. பார்க்கப் பார்க்க இதுதான் எங்களுக்கு உரியது என்று தோன்றியது. அலுவலகத்தை முன்பாதி, பின்பாதி என்று பிரித்தார்கள். முன்பாதி கட்சிக்காரர்களுக்கு. வரவேற்பு, அதை ஒட்டி நான்கு மூடிய ஆலோசனை அறைகள், ஒரு சிறிய போர்டுரூம். இந்த அறைகள் யாருக்கும் சொந்தமல்ல. நேரம் குறித்து யாரும் எடுத்துக்கொள்ளலாம். பின்பாதியில் வேலைக் கூடம். ஜன்னல் பக்கம் முழுக்க அங்கே. அட்டர்னிகளும் கேண்டிடேட்களும் டைப் செய்பவர்களும் ஒரே வெளிச்சத்தில். படிப்பதற்கென்று பின்பக்கம் இரண்டு சிறிய அமைதி அறைகள், கதவோடு. கட்சிக்காரர் பின்பாதிக்கு வரவே தேவையில்லை. அதனால் மேசை மேல் திறந்து கிடக்கிற ஃபைலை வழியில் போகிற யாரும் பார்க்க முடியாது.

மூத்த அட்டர்னி தன் அறையை விட மனம் வராமல் ஒரு வாரம் பேசவில்லை. அவருக்கு அதில் முப்பது ஆண்டு மரியாதை இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். கடைசியில் அமைதி அறைகளில் ஒன்று காலை பத்து மணி வரை அவருக்கு என்று ஒப்புக்கொண்டோம்.

நடுவழியின் வெற்றி முழுக்க அந்த நான்கு அறைகளின் சுவரில் இருக்கிறது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 10 மில்லிமீட்டர் ஒற்றைக் கண்ணாடித் தடுப்பு ஏறக்குறைய 35 டெசிபல் ஒலியைக் குறைக்கும். உள்ளே சாதாரணமாகப் பேசினாலே வெளியே அமைதியாக இருப்பவருக்கு வார்த்தை புரியும். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு ஜிப்சம் பலகை அடித்து நடுவில் கனிமக் கம்பளி வைத்த டிரைவால் சுமார் 50 வரை போகும். ஒவ்வொரு 10 டெசிபல் குறைவும் காதுக்குச் சத்தம் பாதியானது போல. எண்ணில் 15 வித்தியாசம் சின்னதாகத் தெரியும். காதுக்கு அப்படி இல்லை. நாங்கள் இருந்த பழைய கட்டடத்தில் பூச்சுப் பூசிய செங்கல் சுவரும் கனத்த மரக்கதவும் இருந்தன. அங்கே ரகசியம் காக்கப்பட்டது யாரும் திட்டமிட்டதால் அல்ல, கட்டடம் அப்படி.

சுவரைவிட முக்கியம் சுவரின் தலை. தொங்குகூரை வரை மட்டும் சுவர் எழுப்பினால் ஒலி கூரைக்கு மேலே ஏறி அடுத்த அறையில் இறங்கிவிடும். சுவர் மேல் கான்கிரீட் தளம்வரை போக வேண்டும், ஏசி குழாய் நுழைகிற இடத்தையும் அடைக்க வேண்டும். கதவு உள்ளே வெற்றான மலிவுக் கதவாக இருக்கக் கூடாது. கனமான கதவு, சுற்றிலும் ரப்பர், கீழே கதவு மூடும்போது தானாக இறங்குகிற அடைப்பு. கதவின் அடியில் விரல் நுழைகிற இடைவெளி இருந்தால் நல்ல சுவருக்குச் செலவழித்த பணம் முழுக்க அந்த இடைவெளியில் போய்விடும். வெளிச்சத்துக்காகக் கண்ணாடி வேண்டும் என்றால் கதவுக்குப் பக்கத்தில் ஒரு குறுகிய இரட்டைக் கண்ணாடிப் பட்டை போதும். உள்ளே ஆள் இருப்பது தெரியும், யார் என்று தெரியாது. கதவுகளை 900 மில்லிமீட்டர் அகலமாக வைத்தோம், சக்கர நாற்காலி திரும்பிப் போக இடம் விட்டோம். எங்களிடம் உயில் எழுத வருகிறவர்களில் பாதிப் பேர் வயதானவர்கள்.

உயில் என்றதும் ஒன்று. 1953-ஆம் ஆண்டு உயில் சட்டப்படி, எழுதுகிறவர் கையெழுத்திடும்போது இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடன் இருக்க வேண்டும். எழுதுகிறவர், கூட வந்த மகன் அல்லது மகள், இரண்டு சாட்சி, அட்டர்னி. மூன்று பேருக்கான அறையில் ஐந்து பேர் இடித்துக்கொண்டு நிற்பதைப் பழைய இடத்தில் பார்த்திருக்கிறேன். அதனால் நான்கில் ஓர் அறையை மட்டும் பெரிதாக்கி, வட்ட மேசை போட்டு, வரவேற்புக்கு மிக அருகில் வைத்தோம். தூரம் நடக்க வேண்டாம்.

ஃபைல் விஷயத்தில் மூன்று வரைபடமும் ஒரே தவறு செய்திருந்தன. இடத்தை மிச்சம் பிடிக்க, தண்டவாளத்தில் தள்ளுகிற நெருக்க அலமாரியைப் போட்டிருந்தார்கள். வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் சட்டத் தொழில் கவுன்சிலின் விதிப்படி ஃபைல்களையும் கணக்குகளையும் குறைந்தது 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு ஏ4 தாள் 5 கிராம். 500 தாள் வைத்த ஒரு லீவர் ஆர்ச் ஃபைல் சுமார் 3 கிலோ. ஐந்து தட்டு அலமாரியில் 60 ஃபைல் அடுக்கினால் 180 கிலோ, அது நிற்கும் இடமோ சதுர மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. இடைவழி இல்லாமல் நெருக்கி வைத்தால் ஒரு சதுர மீட்டர் மேல் 500 கிலோவுக்கு மேல் உட்காரும். பொதுவாக அலுவலகத் தளத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோவுக்குத்தான் கணக்கிடுகிறார்கள். கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் இதைப் போடவே கூடாது. நாங்கள் இடைவழியோடு சாதாரண அலமாரி போட்டு, பழைய ஃபைல்களை ஸ்கேன் செய்யத் தொடங்கினோம். அசல் உயில்களுக்கு மட்டும் தீத்தடுப்புப் பெட்டகம். கீழ்த்தள வாகன நிறுத்தத்தில் ஃபைல் அறை கொடுக்கிறேன் என்று கட்டட உரிமையாளர் சொன்னார், வேண்டாம் என்றேன். 2022 ஏப்ரல் வெள்ளத்தை நேரில் கண்ட யாரும் இந்த ஊரில் அடித்தளத்தில் காகிதம் வைக்க மாட்டார்கள்.

டர்பனின் ஈரமும் காகிதத்துக்கு எதிரி. கோடையில் கார்ப்பெட் விரித்த அறைகளில் ஒரு புளித்த வாடை வரும், இங்கே இருப்பவர்களுக்குப் புரியும். வேலைக் கூடத்துக்கு வினைல் பலகை, ஆலோசனை அறைகளில் மட்டும் ஒலியை விழுங்கக் கார்ப்பெட் டைல். ஒரு டைல் கெட்டால் அதை மட்டும் மாற்றலாம்.

வெளிச்சம் விஷயத்தில் எங்கள் வீட்டுப் பெரியவர்களோடு ஒரு பேச்சு நடந்தது. மூத்த அட்டர்னியின் அம்மா வாஸ்து பார்க்கச் சொன்னார். திசைகளின் பொருளில் நான் தலையிடவில்லை. ஆனால் நாம் இருப்பது பூமத்திய ரேகைக்குத் தெற்கே சுமார் 30 பாகையில். நண்பகல் சூரியன் இங்கே எப்போதும் வடக்குப் பக்கம்தான். தமிழ்நாட்டில் தெற்கு ஜன்னலுக்கு வருகிற வெயில் இங்கே வடக்கு ஜன்னலுக்கு வரும். மேற்கு மட்டும் இரண்டு ஊரிலும் ஒன்றுதான், மாலையில் கொளுத்தும். கணினித் திரைகளைத் தெற்கு ஜன்னல் ஓரம் வைத்தோம், அங்கே கண் கூசாத சீரான ஒளி. பூஜை மாடத்துக்கு அம்மா கேட்ட மூலையை அப்படியே கொடுத்தோம்.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக. 2023-இல் மின்வெட்டு எவ்வளவு மோசமாக இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும், இப்போது நிலைமை தேவலை. ஆனாலும் ஜன்னல் திறக்காத கண்ணாடிப் பெட்டியாக அலுவலகத்தை அமைக்க எனக்கு மனம் வரவில்லை. இந்தக் கட்டடத்தை எடுக்க ஒரு காரணமே ஜன்னல்களில் சில திறக்கும் என்பதுதான். கம்ப்யூட்டர், விளக்கு, இணையத்துக்கு மட்டும் பேட்டரி போட்டோம். ஏசிக்குப் போடவில்லை.

செலவில் முதல் வரைபடம் மிக அதிகம், இரண்டாவது மிகக் குறைவு, மூன்றாவது முதலாவதற்குக் கொஞ்சம் கீழே. ஆனால் ஒப்பந்தக்காரர் தரும் பில்லோடு செலவு முடிவதில்லை. குத்தகையில் காலி செய்யும்போது இடத்தைப் பழையபடி ஆக்கித் தர வேண்டும் என்ற பிரிவு இருக்கும். கட்டிய ஒவ்வொரு சுவரையும் ஒருநாள் நம் காசில்தான் இடிக்க வேண்டும். கட்டட உரிமையாளர் உள்ளமைப்புக்கு ஒரு தொகை தருவதும் உண்டு, கேட்டால்தான் தருவார்கள். கையெழுத்துக்கு முன்னால் கேளுங்கள். நாங்கள் இரண்டையும் பேசி, நான்கு ஆலோசனை அறைகளை அப்படியே விட்டுப்போகலாம் என்று எழுதி வாங்கினோம். இதனால் மூன்றாவது வரைபடத்தின் விலை வித்தியாசம் பெரிதும் கரைந்துவிட்டது.

எல்லோருக்கும் மூன்றாவதுதான் என்று நான் சொல்லவில்லை. இரண்டு பேர் மட்டும் குற்ற வழக்கும் குடும்ப வழக்கும் பார்க்கிற அலுவலகம் என்றால் இரண்டு அறையும் ஒரு வரவேற்பும் போதும். பகிர்ந்துகொள்ள என்ன இருக்கிறது? வீட்டுப் பத்திரப் பதிவு மட்டும் நூற்றுக்கணக்கில் பார்க்கிற அலுவலகத்துக்கு, கட்சிக்காரர் கையெழுத்துக்கு மட்டும் வருகிறார் என்றால், திறந்த கூடமும் நல்ல இரண்டு கையெழுத்து அறையும் சரியாக வரும். எங்களைப் போல எல்லாம் கலந்து பார்க்கிறவர்களுக்குத்தான் நடுவழி.

வேலை முடிந்ததும் கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்தோம். ஒப்பந்தத்திலேயே அதை எழுதி வைத்திருந்தேன். மாலையில் ஏசியை நிறுத்திவிட்டு, கேண்டிடேட் அட்டர்னி ஓர் அறையில் உட்கார்ந்து ஒரு வாடகை ஒப்பந்தத்தைச் சாதாரணக் குரலில் படித்தார். நான் வெளியே காத்திருப்போர் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று அறைகளில் ஒன்றும் கேட்கவில்லை. நான்காவதில், அந்த வட்ட மேசை அறையில், "வாடகைதாரர்" என்ற வார்த்தை தெளிவாகக் கேட்டது. ஏணி போட்டுப் பார்த்ததில் ஏசி குழாயைச் சுற்றி ஒரு கை நுழைகிற ஓட்டை அடைக்காமல் விடப்பட்டிருந்தது. மறுநாள் அடைத்தார்கள். திரும்பப் படிக்கச் சொன்னேன். குரல் இருப்பது தெரிந்தது, ஒரு வார்த்தையும் புரியவில்லை. வெள்ளிக்கிழமை பில்லைக் கட்டினோம்.